மீன் விந்தும் புகையிலைச் சாம்பலும்

ஒரு கேரட்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் வெளிறிய ஒரு வட்டம். அதைச் சுற்றி அடர்ந்த ஆரஞ்சு நிறச் சதை. இரண்டும் சேருமிடத்தில் பென்சிலால் கீறியதுபோல மெல்லிய வளையம் ஒன்று ஓடும். அதுதான் கேம்பியம். கேரட் பருத்துக்கொண்டே போவதற்குக் காரணமான, பிரிவதை நிறுத்தாத செல்களின் வளையம். சமையலறையில் அதை யாரும் கவனிப்பதில்லை. திசு வளர்ப்புக் கூடத்தில் கண் முதலில் போவது அங்கேதான்.

தோல் சீவிய கேரட்டைச் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் பத்து இருபது நிமிடம் ஊற வைத்து, கிருமி நீக்கிய தண்ணீரில் மூன்று முறை அலசுவோம். பிறகு வடிகட்டிய காற்று சீராக வீசும் மேசையில் வைத்து, தீயில் காட்டி ஆறவைத்த கத்தியால் வட்டு வட்டாக நறுக்கி, கேம்பியம் இருக்கும்படி சிறு துண்டுகளாக எடுத்து, சத்துகள் கலந்த கூழான அகர் ஊடகத்தின்மேல் வைத்து மூடிவிடுவோம். இருட்டில், 25 டிகிரி வெப்பத்தில் அது இருக்கும். முதல் வாரம் ஒன்றும் நடக்காது. துண்டு சற்றே உப்பியதுபோலத் தோன்றும், அவ்வளவுதான். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் அந்த வளையத்தின் வழியாகப் பனித்துளி கோத்ததுபோல் சிறு சிறு மணிகள் எழும்பும். ஒரு மாதத்தில் அவை ஒன்றோடொன்று கலந்து, உதிர்த்த பனீர் போல, வெளிர் மஞ்சளாய், தொட்டால் பொலபொலவென்று விழும் ஒரு குவியலாகிவிடும். வேர் இல்லை, இலை இல்லை, மேல் கீழ் இல்லை. இதற்குத்தான் கேலஸ் என்று பெயர். மண்வெட்டி பிடித்த கையில் விழும் காய்ப்புக்கும் லத்தீனில் இதே சொல்தான். கிளை வெட்டிய வேப்பமரத்தில் காயத்தின் ஓரமாக உதடுபோல் தடித்து மூடிவருமே, அதுவும் கேலஸ்தான்.

அதே கேரட்டிலிருந்து அதே கத்தியால் வெட்டிய இன்னொரு துண்டை, ஒரே ஒரு பொருள் குறைந்த ஊடகத்தில் வைத்தால் அது மெல்லப் பழுத்து அடங்கிவிடும். குறைந்த அந்தப் பொருளின் அளவு ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். ஒன்றிரண்டு சர்க்கரைப் பரல்களின் எடை. இவ்வளவு சிறிய ஒன்று செல்லிடம் என்ன சொல்கிறது என்பதைக் கண்டுபிடிக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. தேடிய பொருள் ஒன்றாகவும் கையில் கிடைத்தது வேறொன்றாகவும் அமைந்த தேடல் அது.

1902இல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் காட்லீப் ஹாபர்லாண்ட் இலைகளிலிருந்து தனித்தனிச் செல்களைப் பிரித்தெடுத்து, உப்புகளும் சர்க்கரையும் கரைத்த நீரில் மிதக்கவிட்டார். தாவரத்தின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் முழுச் செடியாகும் ஆற்றல் இருக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். செல்கள் வாரக்கணக்கில் உயிரோடிருந்தன. பெருத்தன. மாவுச்சத்தைச் சேர்த்துவைத்தன. ஆனால் ஒன்றுகூடப் பிரியவில்லை. அவர் எடுத்தவை வளர்ந்து முடிந்த பச்சைச் செல்கள். அவற்றைத் தட்டி எழுப்பும் பொருள் எதுவும் அந்த நீரில் இல்லை. அப்படிப்பட்ட பொருள் உண்டென்றே அன்று யாருக்கும் தெரியாது.

அவர் விடவில்லை. 1913இல் உருளைக்கிழங்கைக் கையிலெடுத்தார். சத்து கடத்தும் நரம்பு சிறிதாவது இருக்கும்படி வெட்டிய துண்டுகளில் காயத்தருகே செல்கள் பிரிந்தன. நரம்பே இல்லாத மெல்லிய துண்டுகளில் பிரியவில்லை. நரம்பிலிருந்து ஏதோ கசிகிறது, அதுதான் செல்லைப் பிரியச் சொல்கிறது என்று எழுதினார். இந்தத் துறையின் வரலாற்றிலேயே மிக அருமையான தடயம் இதுதான் என்பது என் எண்ணம். நாற்பது ஆண்டுகள் அது அப்படியே கிடந்தது.

இடையில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் வந்தது. 1920களின் பிற்பகுதியில் நெதர்லாந்தில் ஃபிரிட்ஸ் வென்ட் ஓட்ஸ் முளையின் நுனியிலிருந்து அதை அகர் துண்டில் இறக்கிக் காட்டினார். 1934இல் அதன் வேதியியல் அடையாளம் தெரிந்தது: இண்டோல் அசிட்டிக் அமிலம். ஐந்தே ஆண்டுகளில், 1939இல், பிரான்சில் கோத்ரேயும் நோபேகூரும் கேரட் திசுவையும், அமெரிக்காவில் ஃபிலிப் ஒயிட் ஒரு கலப்பினப் புகையிலையின் திசுவையும் ஊடகம் மாற்றி மாற்றி முடிவின்றி வளர்க்க முடியும் என்று காட்டினார்கள். ஆக்சின்தான் விடை என்று பலருக்கும் தோன்றிய காலம்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபோல்கே ஸ்கூக்கின் ஆய்வகம் அந்த நம்பிக்கையைக் கலைத்தது. ஸ்கூக் ஸ்வீடனில் பிறந்தவர். 1932 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் அந்நாட்டுக்காக 1500 மீட்டர் ஓடியவர். அவர் ஆய்வுக்கு எடுத்தது புகையிலைத் தண்டின் நடுவிலிருக்கும் வெண்மையான சோறு. முருங்கைக் குச்சியை ஒடித்தால் உள்ளே தெரியுமே, அதுபோன்ற மெத்தென்ற பகுதி. அதற்கு ஆக்சினை மட்டும் கொடுத்தபோது செல்கள் பலூன்போல் ஊதிப் பெருத்தன. பிரியவில்லை. சோற்றோடு நரம்புத் திசுவையும் ஒட்டிவைத்தபோது பிரிந்தன. 1954இல் இது வெளிவந்தது. ஹாபர்லாண்டின் உருளைக்கிழங்கு சொன்ன அதே சேதி.

அப்படியானால் ஆக்சினோடு இன்னொன்றும் வேண்டும். அது எங்கே கிடைக்கும்? தேங்காய்க்குள் கிடைக்கிறது என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. 1941இல் வான் ஓவர்பீக்கும் அவருடைய தோழர்களும் ஊமத்தையின் மிகச் சிறிய கருக்களைத் தேங்காய்த் தண்ணீர் விட்டு வளர்த்திருந்தார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவர்ட் கேரட் துண்டுகளுக்கு அதையே கொடுத்து வளர்த்தார். நமக்கு இது வியப்பாயிராது. இளநீர் என்பது வெறும் நீர் அல்ல. முளைக்கப்போகும் கருவுக்குத் தாய்மரம் சேர்த்துவைத்த உணவு. இளங்காயில் அந்த நீருக்குள் செல்சுவர் இல்லாமல் உட்கருக்கள் மிதந்துகொண்டிருக்கும். பிறகுதான் அவை ஓட்டின் ஓரமாக ஒதுங்கி, சுவர் எழுப்பி, வழுக்கையாகின்றன. வளர்ச்சிக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்த அந்த நீரில் வேலை செய்வது எது என்று பிரித்தெடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ஈஸ்ட் சாறும் வேலை செய்தது. அதிலிருந்த பொருள் பியூரின் வகையைச் சேர்ந்ததுபோல் நடந்துகொண்டது. பியூரின் என்றால் நியூக்ளிக் அமிலம் நினைவுக்கு வரும்.

ஸ்கூக்கின் ஆய்வகத்தில் சேர்ந்திருந்த கார்லோஸ் மில்லர் அலமாரியில் தேடியபோது ஒரு பழைய புட்டி கிடைத்தது. ஹெர்ரிங் மீனின் விந்திலிருந்து எடுத்த டி.என்.ஏ. நம் மத்தி மீனின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் ஹெர்ரிங். விந்துச் செல்லில் உட்கருவைத் தவிர அதிகம் ஒன்றும் இல்லாததால் டி.என்.ஏ. எடுக்க அது வசதி. அந்தப் பொடியைச் சிறிது ஊடகத்தில் சேர்த்ததும் புகையிலைச் சோறு மளமளவென்று பிரியத் தொடங்கியது. புட்டி தீர்ந்துபோக, புதிதாக வாங்கினார்கள். புதிய டி.என்.ஏ. எதுவுமே செய்யவில்லை. அதே மீன், அதே பொருள். ஆனால் பலன் இல்லை.

எதையோ தவறாகக் கலந்துவிட்டோம் என்று கைவிட்டிருக்கலாம். மில்லர் மாற்றி யோசித்தார். பழையதில் இருந்து புதியதில் இல்லாதது வயதுதான். நாள்பட்டுச் சிதைந்ததால் ஏதோ பிறந்திருக்கிறது. சிதைவை விரைவுபடுத்திப் பார்ப்போம் என்று புதிய டி.என்.ஏ.வை அமிலத்தன்மையுள்ள கரைசலில் ஆட்டோகிளேவில் வைத்துச் சூடாக்கினார். ஆட்டோகிளேவ் என்பது ஊடகத்தைக் கிருமி நீக்குவதற்காக அங்கே தினமும் ஓடும் பெரிய குக்கர்தான். வெளியே வந்த டி.என்.ஏ. வேலை செய்தது. 1955இல் அந்தப் பொருள் படிகமாகக் கையில் வந்தது. செல் பிரிவைத் தூண்டியதால் கைனட்டின் என்று பெயரிட்டார்கள். டி.என்.ஏ.வின் அடினைன், சர்க்கரையிலிருந்து வந்த ஒரு வளையத்தோடு ஒட்டிக்கொண்ட உரு அது. புகையிலைக்கும் மீனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பூட்டுக்குத் தற்செயலாகப் பொருந்திய வேறொரு சாவி. செடியின் சொந்தச் சாவியை 1963இல் நியூசிலாந்தில் லீத்தம் முற்றாத மக்காச்சோள மணியிலிருந்து பிரித்தெடுத்தார். மக்காச்சோளத்தின் அறிவியல் பெயர் ஜியா என்பதால் அது ஜியாட்டின். அதன் உறவுப் பொருள் ஒன்று தேங்காய்த் தண்ணீரிலும் இருப்பது பிறகு உறுதியானது. இந்த வகைப் பொருள்களுக்கெல்லாம் சைட்டோகைனின் என்று பொதுப்பெயர்.

இனி இரண்டு பொருள்கள். இரண்டையும் சேர்த்தால் செல் பிரியும் என்பதோடு முடிந்திருந்தால் இது நல்ல கண்டுபிடிப்பு மட்டுமே. ஸ்கூக்கும் மில்லரும் இரண்டின் அளவையும் மாற்றி மாற்றி வரிசையாகக் குடுவைகளை வைத்துப் பார்த்தார்கள். 1957இல் வெளியான அந்தக் குடுவை வரிசையின் படம் இன்றும் தாவரவியல் பாடநூல்களில் இருக்கிறது. ஆக்சின் லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவிலேயே நிற்கிறது. கைனட்டின் 0.02 மில்லிகிராம் அளவில் இருந்த குடுவையில் வேர்கள். 0.2 அருகே வேரும் தளிரும் இல்லாத பெரிய கேலஸ். அரை முதல் ஒரு மில்லிகிராம் அளவுக்குப் போனதும் பச்சைத் தளிர்கள்.

இதன் கனம் புரியவேண்டுமானால் அதற்கு முந்தைய எண்ணத்தைப் பார்க்கவேண்டும். வேரை உண்டாக்கும் பொருள் என்று ஒன்று, இலையை உண்டாக்கும் பொருள் என்று இன்னொன்று என உறுப்புக்கொரு பொருள் செடிக்குள் ஓடுகிறது என்று ஜெர்மன் அறிஞர் சாக்ஸ் 1880களில் எழுதியிருந்தார். இயல்பாகத் தோன்றும் எண்ணம்தான். குடுவை வரிசையோ வேறு சொன்னது. வேர்ப்பொருள் என்று எதுவும் இல்லை. தளிர்ப்பொருளும் இல்லை. வேர் விட்ட குடுவையிலும் தளிர் விட்ட குடுவையிலும் இருந்தவை அதே இரண்டு பொருள்கள்தான். எது மிகுந்தது என்பதே உறுப்பைத் தீர்மானித்தது. ஆக்சின் ஓங்கினால் வேர், சைட்டோகைனின் ஓங்கினால் தளிர், இரண்டும் ஈடாக நின்றால் கேலஸ்.

பாடநூலில் இந்த வாசகத்தை மனப்பாடம் செய்த மாணவர்கள் கூடத்துக்கு வந்ததும் திகைத்துப்போவதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். எல்லாச் செடியும் புகையிலை அல்ல. நாம் குடுவையில் போடுவது வெளியிலிருந்து கொடுப்பது மட்டுமே. வெட்டிய துண்டு தன்னுடைய ஆக்சினையும் சைட்டோகைனினையும் உள்ளே கொண்டுவருகிறது. எந்தச் செடி, அதில் எந்தப் பகுதி, எத்தனை வயது, எந்தப் பருவத்தில் வெட்டியது என்பதைப் பொறுத்து அந்த உள்ளிருப்பு மாறும். கணக்கில் பாதியை நாம் எழுதுகிறோம். மறுபாதி துண்டுக்குள் இருக்கிறது. அதனால்தான் ஒரு புதிய செடிக்கு ஊடகம் கண்டுபிடிக்க ஐந்து ஆக்சின் அளவும் ஐந்து சைட்டோகைனின் அளவுமாக இருபத்தைந்து வகைக் குடுவைகளை அடுக்கிவைத்துக் காத்திருக்கிறோம்.

அடுத்த திருப்பமும் அதே ஆய்வகத்தில்தான். ஹவாயில் பிறந்த தோஷியோ முராஷிகி அங்கே முனைவர் பட்ட மாணவர். ஒயிட் வகுத்த ஊடகத்தைச் சற்றே மாற்றி, அதில் ஆக்சினும் கைனட்டினும் சேர்த்து, புகையிலைக் கேலஸ் வளர்த்துக்கொண்டிருந்தார். அதில் புகையிலை இலையின் சாற்றையும் சேர்த்துப் பார்த்தபோது மூன்று நான்கு வாரங்களில் விளைச்சல் நான்கு ஐந்து மடங்காகப் பெருகியது. இப்போதுதானே மீன் விந்திலிருந்து ஒரு ஹார்மோன் கிடைத்தது. இலைச்சாற்றில் இன்னொரு ஹார்மோன் ஒளிந்திருக்கிறது என்று யாருக்கும் தோன்றும். அதைச் சோதிக்க ஒரு வழி சாற்றை எரித்துவிடுவது. எரித்தால் ஹார்மோன் போன்ற கரிமப் பொருள் எதுவும் மிஞ்சாது. உப்புகள்தான் சாம்பலில் நிற்கும். சாம்பலைச் சேர்த்தார்கள். கேலஸ் அப்போதும் செழித்தது.

ஆக, பெருகிய வளர்ச்சியில் பெரும்பங்கு இலைச்சாற்றின் உப்புகளால் வந்தது. கேலஸ் இத்தனை காலமும் பட்டினி கிடந்திருக்கிறது. முராஷிகியும் ஸ்கூக்கும் ஒவ்வொரு உப்பையும் கூட்டிக் குறைத்து, இனி எந்தச் சாற்றைச் சேர்த்தாலும் அதிலுள்ள உப்பால் வளர்ச்சி கூடாது என்ற அளவுக்கு ஊடகத்தை நிறைவாக்கினார்கள். சாற்றிலுள்ள ஹார்மோனை ஐயமின்றி அளக்க அடித்தளம் ஒன்று வேண்டும் என்பதுதான் நோக்கம். 1962இல் அது வெளிவந்தது. அம்மோனியம் நைட்ரேட் 1650, பொட்டாசியம் நைட்ரேட் 1900, கால்சியம் குளோரைடு 440, மக்னீசியம் சல்பேட் 370, பொட்டாசியம் பாஸ்பேட் 170, எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில். அதோடு நுண்சத்துகள், சில வைட்டமின்கள், இனாசிட்டால், 30 கிராம் சர்க்கரை. ஒயிட்டின் ஊடகத்தோடு ஒப்பிட்டால் நைட்ரஜன் பதினைந்து மடங்குக்கும் மேல். ஹார்மோனை அளக்கும் தராசாகச் செய்த, இருவர் பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கிய அந்த எம்.எஸ். ஊடகம்தான் இன்று உலகெங்கும் திசு வளர்ப்புக் கூடங்களின் அன்றாடச் சோறு.

அதைக் கையால் தயாரித்தவர்களுக்கு ஒரு காட்சி மறக்காது. எல்லா உப்பையும் ஒரே செறிந்த கரைசலாக வைத்துக்கொண்டால் சுலபம் என்று எண்ணி, கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் சல்பேட்டையும் ஒன்றாக ஊற்றினால், தெளிந்த நீர் கண்முன்னே பால்போல் வெளுத்து அடியில் சுண்ணாம்பாய்ப் படியும். படிந்தது செடிக்குக் கிடைக்காது. அதனால்தான் கால்சியத்துக்குத் தனிப் புட்டி. இரும்புக்கும் தனிப் புட்டி. அதைப் பிடித்துவைக்க ஈ.டி.டி.ஏ. துணை.

எம்.எஸ். எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அதிலுள்ள அம்மோனியம் சோயாவின் செல்களுக்கு அதிகம். 1968இல் கேம்போர்க்கின் குழு அம்மோனியத்தை வெகுவாகக் குறைத்து, தையமின் வைட்டமினைக் கூட்டி, பி5 ஊடகத்தை உருவாக்கியது. நெல் மகரந்தப்பைகளுக்காக 1975இல் சீனாவில் வந்தது என்6. மரவகைச் செடிகளுக்கு எம்.எஸ்.இன் உப்பு சுடும் என்பதால் 1980இல் இன்னொன்று வந்தது. நைட்ரஜன் மொத்தம் எவ்வளவு என்பதோடு எந்த வடிவில் என்பதும் முக்கியம். அம்மோனியத்தை உறிஞ்சும் செல் சுற்றுப்புறத்தை அமிலமாக்குகிறது, நைட்ரேட்டை உறிஞ்சும்போது காரப்பக்கம் தள்ளுகிறது. கலவை சரியாக இருந்தால் ஒன்றை ஒன்று ஈடுசெய்யும்.

ஆக்சினிலும் தேர்வு உண்டு. செடியின் சொந்த இண்டோல் அசிட்டிக் அமிலம் வெளிச்சத்திலும் சூட்டிலும் சிதைந்துவிடும். செல்லே அதைத் தின்று தீர்த்துவிடும். செயற்கையான 2,4-டி அப்படி எளிதில் சிதையாது. வயலில் அகன்ற இலைக் களைகளைக் கொல்ல அடிக்கும் அதே 2,4-டிதான். களை முறுக்கிக்கொண்டு சாவது விஷம் பட்டு அல்ல. ஆக்சின் குரல் ஓயாமல் ஒலிப்பதால். அதைச் செடி அடக்க முடியாமல் தவிக்கிறது. அதே பொருளை லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் வைத்து, உமி நீக்கிய நெல்லை அதன்மேல் பதித்தால், கருவை ஒட்டிய தகட்டிலிருந்து கெட்டியான மஞ்சள் கேலஸ் எழும்பும். நெல்லில் மரபணு மாற்ற ஆய்வுகள் பெரும்பாலும் தொடங்குவது அந்த மஞ்சள் மணிகளில்தான்.

கேலஸ் என்றால் தன் அடையாளத்தையெல்லாம் உதறிவிட்ட வெற்றுச் செல்களின் கூட்டம் என்றே நெடுங்காலம் கற்பித்தோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். 2010இல் சுகிமோட்டோ, மேயரோவிட்ஸ் ஆகியோரின் குழு அரபிடாப்சிஸ் என்ற சிறு கடுகினச் செடியில் பார்த்தது அதைத் திருத்தியது. வேரிலிருந்து வந்த கேலஸ் மட்டுமல்ல, விதையிலையிலிருந்தும் பூவிதழிலிருந்தும் வந்த கேலஸிலும்கூடப் பக்கவேர் முளைக்கும்போது விழிக்கும் மரபணுக்களே விழித்திருந்தன. பக்கவேர் விட முடியாத ஒரு திரிபுச் செடியால் கேலஸும் சரியாக உண்டாக்க முடியவில்லை. உருவமற்றது என்று நாம் நினைத்த குவியல், பாதியில் நிற்கும் வேர். இதழிலிருந்து வேர்ப்பாதைக்கு, அங்கிருந்து சைட்டோகைனின் அழைத்தால் தளிருக்கு. ஹாபர்லாண்ட் நினைத்த ஆற்றல் உண்மைதான். ஆனால் அதற்குப் போகும் வழி ஒன்று இருக்கிறது.

நீண்ட நாள் கேலஸாகவே வைத்திருந்தால் அதற்கொரு விலையும் உண்டு. 1980களில் எண்ணெய்ப்பனையைக் கேலஸ் வழியாகப் பெருக்கி நட்டார்கள். செடிகள் செழித்தன. பூத்தபோதுதான் தெரிந்தது, சில மரங்களில் பூவின் உறுப்புகள் உருமாறி, காய்கள் போர்வை போர்த்தியதுபோல் விகாரமாயின. எண்ணெய் விளைச்சல் வீழ்ந்தது. 2015இல் மலேசிய ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டார்கள். டி.என்.ஏ.வின் எழுத்துகள் மாறவில்லை. ஓரிடத்தில் அவற்றின்மேல் இருந்த மெத்தில் குறி அழிந்திருந்தது. தேனிப் பக்கம் திசு வளர்ப்பு வாழைக்கன்று நடும் விவசாயிக்கு இது நேரடியாகத் தொடர்புடைய செய்தி. அந்தக் கன்றுகள் கேலஸ் வழியாக வருவதில்லை. கிழங்கின் குருத்து நுனியிலிருந்து தளிராகவே பெருக்கப்படுகின்றன. கேலஸ் பாதையைத் தவிர்ப்பதற்கு இதுபோன்ற மாறுபாட்டின் மீதான அச்சமும் ஒரு காரணம்.

கேரட்டுக்குத் திரும்புவோம். 1958இல் கார்னெலில் ஸ்டீவர்ட்டும் அதே காலத்தில் ஜெர்மனியில் ரைனெர்ட்டும் கேரட் செல்களிலிருந்து விதைக்கரு போன்ற கருக்களைப் பெற்றார்கள். அதை நீங்களும் பார்க்கலாம். 2,4-டி உள்ள திரவத்தில் குலுக்கி வளர்த்த உதிரிக் கேலஸைச் சலித்து, 2,4-டி இல்லாத திரவத்துக்கு மாற்றவேண்டும். புதிதாக எதையும் சேர்க்க வேண்டியதில்லை. ஓயாமல் ஒலித்த அந்தக் குரல் அடங்கினால் போதும். ஒரு வாரம் பத்து நாளில் நுண்ணோக்கியில் உருண்டையான சிறு கொத்துகள் தெரியும். பிறகு சில உருண்டைகளின் ஒரு முனை பள்ளம் விழுந்து இதய வடிவாகும். அடுத்து அது நீண்டு, ஒரு பக்கம் வேர்நுனி கூர்ந்து, மறுபக்கம் இரு விதையிலைகள் பிரியும். வெறும் கண்ணுக்குக் குடுவையின் அடியில் வெளுத்த நூல் துணுக்குகள்போல் இருக்கும். வெளிச்சத்தில் வைத்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவற்றின் ஒரு முனை மட்டும் பச்சையாகும்.